தொண்ணூறு சைஸ் தயிர்சாதம்

அவர் எதிரில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டவர் திருப்பூர் மண்ணரையில் யாரும் கிடையாது. நாம் உருண்டை பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும்போதே அவர் கண் நம் கையோடு மேலே வரும். உருண்டை உள்ளே போனதும் கண் தாடைக்கு வரும். தாடை நின்றதும் தொண்டைக்கு இறங்கும். விழுங்கி முடித்தோமோ இல்லையோ, "எப்படீங்க?" என்பார். விக்கல் எடுத்துச் சாகப் போகிறவனும் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் சாக வேண்டும்.

பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதப்போவதில்லை. ரயிலில் வடக்கே போன எத்தனையோ பேர் அவர் கைச் சோற்றைத் தின்றார்கள், ஒருத்தருக்கும் அவர் பெயர் தெரியாது. உங்களுக்கு மட்டும் எதற்கு?

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும், கேரளாவிலிருந்து கிளம்பி வடக்கே போகும் ஒரு ரயில் மத்தியானத்துக்குச் சற்று முன்னால் திருப்பூரில் வந்து நிற்கும். நிற்கும் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூச்சு விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். அதற்குள் எங்கள் கூடைகள் அதன் சமையல் பெட்டியில் ஏறியாக வேண்டும். ஈரோடு வருவதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு, "சூடா லெமன் ரைஸ், சூடா கர்ட் ரைஸ்" என்று பெட்டி பெட்டியாகக் கத்திக்கொண்டு போவார்கள். சூடான தயிர்சாதத்தை நம்பி வாங்குகிற ஜனங்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். ஓடுகிற ரயிலிலேயே சமைத்தது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு சாப்பிட்ட சோறு, மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னால், பஞ்சுத் தூசி வராமல் இருக்க ஜன்னலில் கொசுவலை அடித்த தகரக் கொட்டகையில் வெந்தது.

இது தற்செயலாக ஆரம்பித்த விவகாரம். பாய் அப்போது பனியன் கம்பெனி ஆட்களுக்கு மெஸ் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த ரயிலின் சமையல் பெட்டியில் கேஸ் தீர்ந்துபோனது. அதன் மேனேஜர், வடக்கத்திக்காரர், வயிறு முன்னால் வர ஆள் பின்னால் வருகிற உடம்பு. ரயில் சிக்னலுக்குக் காத்திருந்த நேரத்தில் இறங்கி, மெஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த பாயின் அண்டாக்களைத் தள்ளுவண்டியோடு மடக்கி வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குக் கம்பெனி ஆட்கள் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் பாயைத் திட்டினார்கள். மேனேஜருக்கோ, சமைத்து விற்பதைவிட வாங்கி விற்பது சுகம் என்று பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து பாய் ரயிலுக்குச் சோறு போடுகிறவர் ஆனார்.

மேனேஜர் ஒரே ஒரு கட்டளை போட்டார். வெளியில் வாங்கிய சோறு என்று பயணிகளுக்குத் தெரியக்கூடாது. பாய் வண்டியில் ஏறக்கூடாது, ஜன்னலில் பேசக்கூடாது, இது என் சோறு என்று மூச்சு விடக்கூடாது. பாயும் தலையை ஆட்டிவிட்டார். யாரிடம் என்ன சத்தியம் வாங்குகிறோம் என்று அந்த மேனேஜருக்குத் தெரியாது, பாவம். ஊமை பாஷையில்கூட "எப்படி?" என்று கேட்கிற மனுஷரிடம் போய் வாயைக் கட்டச் சொன்னால்?

அவருடைய வியாதியை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். நல்லா இருக்கு என்று சொன்னால் போதும், மனுஷர் அடங்கிவிடுவார் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அவர் கேட்டு நாம் சொன்னால் அது செல்லாது. "நான் கேட்டேன், நீங்க மூஞ்சிக்காகச் சொல்றீங்க" என்பார். உறவுக்காரர்கள் சொன்னால் செல்லாது. ஓசியில் சாப்பிட்டவர் சொன்னால் செல்லாது. நோன்புக் கஞ்சி காய்ச்ச அவரைக் கூப்பிடுவார்கள். பள்ளிவாசலில் அத்தனை பேரும் ஆகா என்பார்கள், அதுவும் செல்லாது. "நாளெல்லாம் பசிச்சுக் கிடந்தவனுக்கு வெந்நீர் குடுத்தாலும் பாயசமாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போய்விடுவார். அந்நியனாக இருக்க வேண்டும், சொந்தக் காசில் வாங்கியிருக்க வேண்டும், பசி அடங்கியிருக்க வேண்டும், யாரும் கேட்காமல் அவனாகச் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் பொருந்துகிறவன் ரயிலில்தான் கிடைப்பான் என்று நம்பித்தான் அவர் அந்த வேலைக்கே ஒப்புக்கொண்டார். ஆனால் ரயில் சோற்றை வாங்கிக்கொண்டு போய்விடும். ஒரு வார்த்தை திரும்பி வராது.

வீட்டில் கிடைக்குமா என்றால், அதற்கும் வழியில்லை. அவர் வீட்டம்மா கல்யாணமான நாளிலிருந்து அவர் சமையலைச் சாப்பிட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "வயிறு நெறஞ்சுதுங்க." நல்லா இருந்ததா என்று கேட்டால், "வயிறு நெறஞ்சா நெறஞ்சுதுன்னுதானுங்க சொல்லோணும்" என்பார். நான் பார்த்த மனிதர்களிலேயே கெட்டியானவர் அந்த அம்மாதான்.

ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பழைய கட்டிங் மாஸ்டரைப் பார்க்கக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனார் பாய். நானும் கூடப் போயிருந்தேன். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். அந்த மனுஷன் ரெண்டு ஸ்பூன் விழுங்கியதும் பாய் குனிந்து, "எப்படீங்க மாஸ்டர்?" என்றார். மாஸ்டர் சிரமப்பட்டுத் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "தலையாட்டுனது கஞ்சிக்கா, இல்ல நான் வந்ததுக்கான்னு தெரியலீயே அம்மிணி" என்று வருத்தப்பட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இன்னொரு கட்டில் காலியாக இருந்தால் அவரையே அதில் படுக்க வைத்திருப்பேன்.

வீரபாண்டியில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள். பாய் என்றதும் பிரியாணியா என்று ஒருவர் விசாரித்தார். அந்தக் கேள்வி அவருக்கு ஆகவே ஆகாது. "பிரியாணி எவன் போட்டாலும் நல்லாத்தானுங்க இருக்கும். கறி இருக்குது, அதுவே பேரு வாங்கிக்கும். வெறும் தயிர்சாதத்துல பேரு வாங்கிக் காட்டுங்க பாக்கலாம்" என்று பந்தியிலேயே நின்று வாதாடினார். போனது விருந்தாளியாக. சமைத்தது வேறு ஆள். அப்படியும் வரிசையில் நடந்து நாலு பேரிடம் "எப்படீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நான் அவரிடம் வந்து சேர்ந்தது நாக்கினால். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். சூப்பர்வைசரை ஒரு வார்த்தை சொன்னேன், அவன் திருப்பிச் சொன்னான், அதற்கு நான் இன்னொன்று சொன்னேன். மறுநாள் பாய் கொட்டகையில் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போலவே கம்பெனியில் பேக்கிங் பார்த்த இன்னும் ரெண்டு பேர் அங்கே இருந்தார்கள். பனியனை மடித்துக் கவரில் போட்ட கைக்குச் சோற்றை மடித்துக் கவரில் போடுவது பெரிய வித்தையா? இலைக்கிழிசல் வைத்த காகிதத்தில் சோற்றைக் கட்டி, மேலே ஒரு பாலித்தீன் கவர். அந்தக் கவரும் பனியன் கவர்தான். ஏதோ ஆர்டர் ரத்தாகிப் போய் மூட்டை மூட்டையாகக் கிடந்ததைப் பாய் வாங்கி வந்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக்காரன் கையில்லாத பனியனோடு இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பான். மூலையில் சைஸ் அச்சடித்திருக்கும். எலுமிச்சை சாதம் எண்பத்தைந்தில் அடங்கியது, தயிர்சாதத்துக்குத் தொண்ணூறு தேவைப்பட்டது. நாங்களும் சாதத்தின் பெயரையே மறந்துவிட்டோம். "இன்னைக்கு எண்பத்தஞ்சு சித்தெ குறையுது, தொண்ணூறுல தாளிப்பு போட்டாச்சா?" என்றுதான் பேச்சு.

கை துடைக்க ஒரு துணியும் உள்ளே வைப்போம். அது என் யோசனை. பாயின் மச்சினன், அதாவது வீட்டம்மாவின் தம்பி, பனியன் வேஸ்ட் வியாபாரம் செய்துவந்தார். கட்டிங்கில் விழுகிற வெள்ளைத் துண்டுகளில் கொஞ்சம் பெரிதாக இருப்பதை அவரிடம் வாங்கி, அலசிக் காயவைத்து, நாலாக மடித்துப் பொட்டணத்தின் மேல் வைத்துவிடுவோம். திருப்பூரில் சைக்கிளிலிருந்து குழந்தை மூக்குவரை எல்லாவற்றையும் அதில்தான் துடைப்போம். ரயில்காரர்களும் துடைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அது பாய்க்கு வினையாக முடியும் என்று கண்டேனா?

ஒரு நாள் மேனேஜர் கூடையை வாங்கும்போது பாயின் தோளைத் தட்டினார். "பாய், ஜனம் எல்லாம் சொல்றான், ரொம்ப நல்லா இருக்கு" என்றார். ரயிலிலிருந்து வந்த முதல் வார்த்தை. யாரும் கேட்கவில்லை, அதுவாக வந்திருக்கிறது. பாயின் முகம் அப்படியே மலர்ந்துபோய், "எதுங்க, தயிரா எலுமிச்சையா?" என்றார். மேனேஜர் நகர்கிற வண்டியில் தொங்கிக்கொண்டு, "கபடா, கபடா! துணி!" என்று கத்திக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் பொட்டணத்தில் துணி வைக்க வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார். "சோறு சோறாப் போகட்டும். நல்லா இருந்தாச் சொல்லட்டும், கெட்டுக் கிடந்தா வைய்யட்டும்" என்றார். துணியில்லாமல் சோறு போயிற்று. அடுத்த முறை மேனேஜர் வண்டி நிற்பதற்கு முன்பே வாசலில் நின்றுகொண்டு கூச்சல் போட்டார். துணி எங்கே என்று பயணிகள் சண்டைக்கு வருகிறார்களாம். குழந்தைக்கு வாய் துடைக்கத்தான் இந்தப் பொட்டணமே வாங்கினேன் என்று ஒரு பொம்பளை சொன்னாளாம். துணி வராவிட்டால் ஈரோட்டில் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மறுநாளே துணி திரும்பவும் ஏறியது.

மச்சினனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொட்டகைக்கே வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பாத்தீங்களா மச்சான், உங்க சோத்துக்கு வராத பேரு எங்க வேஸ்ட்டுக்கு வந்திருச்சு" என்று சிரித்தார். கேலியோடு விடவில்லை. குடோனைப் பெரிதாக்கப் போகிறார், கூட்டுக்கு வந்துவிடுங்கள், இந்தப் புகையில் எதற்குக் கிடக்கிறீர்கள் என்று அழைத்தார். அதில் தப்பு ஒன்றுமில்லை, நல்ல மனுஷன்தான். பாய் அடுப்பைக் கிளறிவிட்டார். அப்புறம் எங்களைக் கூப்பிட்டு, "இந்த மாசத்தோட அடுப்பை அணைச்சுப் போடலாமுங்க. இத்தனை வருசம் தின்ன ஒருத்தனுக்கும் நாக்கு இல்லாம இருக்குமா? எங் கையிலதான் ஒண்ணும் இல்லையாட்டம் இருக்குது" என்றார். எங்கள் வேலை போகிறதே என்று கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் யாரையும் "எப்படீங்க?" என்று கேட்கவில்லை. மண்ணரையே நிம்மதியாகச் சாப்பிட்டது, எனக்குத்தான் இறங்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் ரயில் தாமதமாக வந்தது. கூடைகளை ஏற்றினோம். மூச்சு விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய வண்டி கிளம்பவே இல்லை. முன்னால் எங்கோ ஒரு சரக்கு வண்டியின் எஞ்சின் படுத்துவிட்டதாம். ஜனங்கள் பிளாட்பாரத்தில் இறங்கித் தண்ணீர் பிடித்தார்கள், மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், பிறகு பசித்தது. வெள்ளைச் சட்டைப் பையன்கள் பொட்டணங்களோடு கிளம்பினார்கள். எங்கள் கண் முன்னால், எங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே, அந்த ரயில் எங்கள் சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தது.

நான் வெறுங்கூடைகளை அடுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் பாயைக் காணோம். கடைசிப் பெட்டிப் பக்கம் போய், ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார். அடுப்படியிலிருந்து அப்படியே வந்த ஆள். கரி பட்ட கைலி, வியர்வையில் ஊறிய பனியன், தலையில் சுற்றிய துண்டு, சவரம் செய்யாத தாடை. நான் ஓடிப்போய்ப் பின்னால் சேர்ந்துகொண்டேன்.

முதல் ஜன்னலில் ஒரு அம்மா பொட்டணத்தைப் பிரித்து, துணியை எடுத்துக் குழந்தையின் மூக்கைச் சிந்திவிட்டு, சோற்றை அப்படியே மடித்து வைத்துவிட்டார். அடுத்ததில் சீட்டு விளையாடும் கூட்டம். சீட்டைப் பார்த்துக்கொண்டே அள்ளிப் போட்டார்கள். வைக்கோலைக் கொடுத்திருந்தாலும் தின்றிருப்பார்கள். இன்னொன்றில் ஒரு மலையாளத்துப் பெண் எங்கள் தயிர்சாதத்தில் தன் மீன் ஊறுகாயைக் கொட்டிப் பிசைந்தாள். பாய் கண்ணை மூடிக்கொண்டார். "வாங்க போலாம், மேனேஜர் பாக்கறாரு" என்று இழுத்தேன். சமையல் பெட்டி வாசலில் நின்று மேனேஜர் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். பாய் நகரவில்லை. அடுத்த ஜன்னலில் ஒரு ஆள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெற்கத்தி ஆள், தடித்த மீசை. பாயின் கண் அவர் கையோடு மேலே போய், தாடைக்கு வந்து, தொண்டைக்கு இறங்கியது.

அந்த ஆள் மெல்லுவதை நிறுத்தினார். பாயை மேலும் கீழும் பார்த்தார். முகம் இளகிவிட்டது.

"என்ன பாட்டா, பசிக்கா?"

பாய் திருதிருவென்று விழித்தார். பசிக்கவில்லை என்றால், பிறகு ஏன் பார்க்கிறாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் மேனேஜருக்குக் கொடுத்த வாக்குப் போகும்.

"வெக்கப்படாதேயும். இந்தாரும், இந்தப் பக்கம் கை படல்ல" என்று பாதிப் பொட்டணத்தை ஜன்னல் வழியாக நீட்டினார் அந்த ஆள். பாய் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருடைய சோறு, பனியன் போட்ட வெள்ளைக்காரனோடு, பிச்சையாக அவரிடமே திரும்பி வந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது, கூடவே அந்த ஆளை அறையலாம் போலவும் இருந்தது.

பாய் ஒரு வாய் எடுத்துப் போட்டார். காலையில் கரண்டியால் ருசி பார்த்ததுதான் அவருக்குத் தெரிந்த ருசி. இத்தனை நேரம் வெயிலில் கிடந்த பிறகு அது என்ன ஆகிறது என்று அவர் தின்று பார்த்ததே இல்லை. மெதுவாக மென்றார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் அந்த ஆள்.

அந்தக் கேள்வியை ஊர் முழுக்கக் கேட்டுத் திரிந்தவரிடம் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. நல்லா இருக்குங்க சாமி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பிச்சை வாங்கினவன் சொல்லவேண்டியதும் அதுதான். ஆனால் மூஞ்சிக்காகச் சொல்வது செல்லாது என்பதுதானே அவருடைய சட்டம். நாக்கில் உருட்டி, யோசித்து, சொன்னார்:

"சித்தெ புளிச்சுப் போச்சுங்க. இன்னுங் கொஞ்சம் பாலு ஊத்தியிருக்கோணும்."

அந்த ஆளின் மீசை துடித்தது. "என்னது? என்ன ஓய் சொன்னீரு?" என்று எழுந்தேவிட்டார். "எரப்பாளி நாக்குக்கு இது புளிக்கோ? ஓசிச் சோத்துல நொட்டை சொல்லுதீரா? எம்புட்டு அம்சமா ஒருத்தன் தயிர்சாதம் பிசைஞ்சு வச்சிருக்கான், அந்தப் புளிப்புல்லா அதுக்கு ருசி! ஒரு பொதி தின்னு வயிறு நெறைஞ்சு போச்சு. நாக்கு விடலன்னுதான் ரெண்டாவது பொதி வாங்குனேன். அதையில்லா போனாப் போவுதுன்னு உமக்குத் தந்தேன். கொண்டாரும் இங்க!"

ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பொட்டணத்தைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கியவர் பாயை முறைத்துக்கொண்டே, அடம்பிடித்தவர்போல, அவ்வளவையும் தின்றார். இலையில் ஒட்டியிருந்த பருக்கையையும் வழித்தார். பக்கத்து சீட்டுக்காரர்கள் "போய்யா, போ" என்று பாயை விரட்டினார்கள். பாய் போனால்தானே? கையைக் கட்டிக்கொண்டு, அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. "நெம்ப சந்தோசமுங்க, நெம்ப சந்தோசமுங்க" என்றார். திட்டியது சுட்டுவிட்டது என்று அந்த ஆள் நினைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி கிளம்பும்வரை பாய் அந்த ஜன்னலை விட்டு அசையவில்லை.

மண்ணரைக்கு வரும் வழியில் இருந்த டீக்கடைகளில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. எல்லாவற்றிலும் கூடை வண்டியை நிறுத்தச் சொல்லி, நின்று, முழுக்கதையையும் சொன்னார். "எரப்பாளின்னு வைதுபோட்டானுங்க. கையில இருந்ததைப் புடுங்கித் தின்னுட்டானுங்க" என்று கல்யாணச் செய்தி சொல்கிறவர் மாதிரி சொன்னார். கேட்டவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கள் தெருமுனைக் கடைக்காரர், "யாருங்க பாய் அவன்? ஆளைக் காட்டுங்க, ரெண்டு வெச்சுட்டு வர்றோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அட, விடுங்க. அந்த மகராசன் நல்லா இருக்கோணும்" என்றார் பாய்.

கொட்டகையில் மச்சினன் காத்துக்கொண்டிருந்தார், குடோன் விஷயம் பேச. பாய் அவரைக் கட்டிப்பிடித்து, கூட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், துணி மட்டும் தவறாமல் அனுப்பு என்று சொல்லிவிட்டார். பிறகு வீட்டம்மாவிடம் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒரு முறை சொன்னார். அந்த அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "பொழுதுக்கும் நீங்க எல்லாரையும் கேக்கறாப்பல அந்தாளையும் போட்டுப் புடுங்கியிருப்பீங்க, தொல்லை பொறுக்காம வைதிருப்பான்" என்றார்.

"இல்லீங்கறேன்! இந்த அம்மிணியைக் கேளு, கூடத்தான் இருந்தா" என்று பாய் என் பக்கம் கையை நீட்டினார். "நான் ஒரு வார்த்தை கேக்கலை. அவந்தான் என்னைக் கேட்டான்."

ஆமாங்க, பாய் கேட்கவே இல்லீங்க என்று நான் சாட்சி சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார், அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, நாளைக்கு ஊற்றுவதற்குக் கொஞ்சம் கூடுதலாகப் பால் சொல்லிவிட எழுந்து போனார்.